இரண்டு வருடப் போரில் ஏழு நத்தார்

ஸ்காபரோவில், எக்லிங்டனுக்குத் தெற்கே,
புஸ்பராணி அக்காவின் பேஸ்மென்டில்
நானும் நிமலேஸ்வரனும் இருந்த காலம்.
எனக்குப் பேக்கரியில் இரவு வேலை.
அவனுக்கு வேலை அனுமதி இன்னும் வரவில்லை.
டிவி மட்டும் வந்திருந்தது,
யாரோ குப்பைக்கு வைத்தது,
இடது ஓரம் பச்சை அடித்தபடி.

தினமும் பின்னேரம் நாலு மணிக்கு
அதில் பழைய பகிடித் தொடர் ஒன்று:
போர்முனைக்குப் பின்னால் ஒரு கூடார ஆஸ்பத்திரி,
வெட்டித் தைத்துக்கொண்டே பகிடி விடும் டொக்டர்மார்,
கண்ணுக்குத் தெரியாத சனத்தின் சிரிப்பு.

நிமல் சிரிக்கவில்லை. கொப்பி வாங்கினான்.
டொலர் கடைக் கொப்பி, அட்டையில் பூனை.
வினிபெக் போகும்போது விட்டுவிட்டுப் போனான்.
இப்போதும் என்னிடம் இருக்கிறது:

'கப்டனுக்குச் சன்னம் பட்டது இடது தோளில்.
விளம்பரம் முடிய, கட்டு வலது தோளில்.'

'சமையல்காரனுக்கு மூன்று பொம்பிளைப் பிள்ளைகள்.
மாரி வர, அவன் கலியாணமே கட்டாதவன்.'

'சேலைன் போத்தல் பாதி. பிறகு முழுசு. பிறகு பாதி.
இப்பிடி ஒரு போத்தல் எங்களிட்ட இருந்திருந்தால்.'
கடைசி வரியை வெட்டியிருந்தான்.
ஆனாலும் வாசிக்கலாம்.

போர் இரண்டு வருடம்தானாம்.
நத்தார் மரம் ஏழு தரம் வைத்துவிட்டார்கள்.
"விரல்விட்டு எண்ணத் தெரியாதோ இவங்களுக்கு?"
என்று என்னிடம் பாய்ந்தான்,
கதை எழுதியவன் நான்தான் என்பதுபோல.
மா ஒட்டிய காலுறையைக் கழற்றியபடி
"விடடாப்பா, சிரிக்கத்தானே" என்றேன்.
அன்றிரவு அவன் சோறு போட்டு வைக்கவில்லை.

அங்கே அவன் டிஸ்பென்சர்.
பள்ளிக்கூடம் ஒன்றில் ஓடிய ஆஸ்பத்திரி.
அது நாலு தரம் இடம் பெயர்ந்தது,
சில நாள் அவன் கணக்கில் ஐந்து.

மாசியில் விசாரணை.
நான் சாட்சியில்லை, துணை. சுவரோரம் இருந்தேன்.
அதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:
முதல் வாக்குமூலத்தில் ஷெல் விழுந்தது செவ்வாய்.
இரண்டாவதில் வியாழன்.
படிவத்தில் நாற்பது கட்டில்.
இப்போது கட்டிலே இல்லை என்கிறீர்.
எது சரி?

"எல்லாம்" என்றான் நிமல்.
மொழிபெயர்க்க வந்த பிள்ளை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.
"கட்டில் இருந்தது. பிறகு வாங்கு இருந்தது.
பிறகு தரைதான் இருந்தது.
கிழமை எனக்குத் தெரியாது, ஐயா.
ஒரு கலண்டர்தான் இருந்தது.
அதைக் கிழித்துத்தான் குளிசை மடிச்சுக் குடுத்தனான்.
செவ்வாயை ஆர் கொண்டுபோனதோ,
வியாழனை ஆர் கொண்டுபோனதோ."

அவள் 'கலண்டர்' வரை வந்து,
தண்ணீர் குடித்துவிட்டு,
மிச்சத்தைச் சொன்னாள்.
அதிகாரி குறித்துக்கொண்டார்.
அவருடைய கொப்பியில் பூனை இல்லை.

முடிவு தபாலில் வருமாம்.
பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
சப்பாத்தெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

நாலு மணி.
முந்தின நாள் கதையில் ஒரு பெடியன்
மேசையிலேயே முடிந்துபோனவன்,
போர்வையை முகம்வரை இழுத்துவிட்டார்கள்.
இன்றைக்கு அதே பெடியன், அதே ஓட்டைப் பல்,
சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கிறான்,
பின்னால், கொஞ்சம் மங்கலாக.
கப்டன் முன்னால் நின்று ஏதோ சொல்ல,
சனம் சிரிக்குது.

நிமல் எழும்பிப் போய்த் திரைக்குக் கிட்டக் குந்தினான்.
வரிசை நகர்ந்தது.
பெடியன் பச்சை ஓரத்துக்குள் போய்
இரண்டு கரண்டி கிழங்கு வாங்கிக்கொண்டு
வெளியே போகும்வரை பார்த்தான்.
"நல்லாச் சாப்பிடுறான்" என்றான்.

கொப்பியில் அந்தப் பக்கம் வெறுமை.
மேலே திகதியும் கிழமையும் மட்டும்.
செவ்வாய் என்று போட்டிருக்கிறான்.
விசாரணை நடந்தது வியாழன்
என்றுதான் எனக்கு ஞாபகம்.